கப்பலில் தனியாகப் போகிறீர்களா? காலிப் படுக்கைக்கும் சேர்த்துத்தான் பில் வரும்!

‘மூன்று இரவு, சொகுசுக் கப்பல், ஒருவருக்கு 20,000 ரூபாய் மட்டுமே!’ இன்ஸ்டாகிராமில் இந்த மாதிரி விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். நீலக் கடல், மேல்தளத்தில் நீச்சல் குளம், கையில் ஜூஸ் கோப்பையோடு ஒரு ஜோடி. ‘ஒருவருக்கு’ என்ற வார்த்தையின் தலையில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி இருக்கும். அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கீழே தேடிப் பார்த்தால், எறும்பு சைஸ் எழுத்தில் இப்படி இருக்கும்: ‘இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கான கட்டணம். வரிகள் தனி.’

ஜோடியாகப் போகிறவர்களுக்கு இந்த வரியால் பெரிய பாதிப்பு இல்லை. தனியாகப் போகிறவர்களுக்கு மொத்த பட்ஜெட்டும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

ரயிலில் ஒரு சீட்டுக்கு ஒரு விலை. லாட்ஜில் அறைக்கு ஒரு வாடகை. ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் வித்தியாசம் கொஞ்சம்தான். கப்பலில் இந்த இரண்டு கணக்கும் கிடையாது. விலையை ஆள் கணக்கில் சொல்வார்கள். ஆனால், விற்பது இரண்டு படுக்கை உள்ள அறையை. நீங்கள் ஒருவர் மட்டும் போய் ஏறினால், இன்னொரு படுக்கை காலியாகக் கிடக்கும். அதற்கும் உங்களிடமே வசூல் செய்வார்கள். இதற்குப் பெயர் ‘சிங்கிள் சப்ளிமென்ட்’. பல கம்பெனிகளில் இது 100 சதவிகிதம்வரை போகும். அதாவது, இரண்டு பேர் டிக்கெட்டை ஒருவரே எடுக்கிற கதை.

அநியாயம் என்று தோன்றும். கம்பெனி தரப்புக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கப்பலுக்கு லாபம் டிக்கெட்டில் மட்டும் வருவதில்லை. பார், காசினோ, கடை, ஸ்பா, கரையில் இறங்கினால் டூர் என்று பயணி உள்ளே செய்கிற செலவும் பெரிய வருமானம். அறையில் ஓர் ஆள் குறைந்தால், அந்த ஆள் செய்திருக்கக்கூடிய செலவும் போயிற்று. அதனால்தான் ‘நான் ஒருத்திதானே, கொஞ்சம் குறைத்துக்கொடுங்களேன்’ என்ற பேரம் பெரும்பாலும் எடுபடுவதில்லை.

வெளிநாட்டில் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள். நார்வீஜியன் குரூஸ் லைன் 2010-ல் கடலில் இறக்கிய ‘நார்வீஜியன் எபிக்’ கப்பலில், தனியாக வருபவர்களுக்கென்றே 128 குட்டி அறைகளை வைத்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 சதுர அடி. அந்த அறைக்காரர்கள் மட்டும் கூடிப் பேச ஒரு ஹாலும் தனியாக உண்டு. அதற்குப் பிறகு வேறு சில கம்பெனிகளும் இதைப் பின்பற்றின. நம் ஊருக்கு இன்னும் அது வந்து சேரவில்லை. ஏன் என்பதற்கு, சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலின் வயதைப் பார்க்க வேண்டும்.

புது கம்பெனி, பழைய கப்பல்

கார்டீலியா குரூஸஸ் 2021 செப்டம்பரில் மும்பையில் சேவையைத் தொடங்கிய இந்திய கம்பெனி. 2022 ஜூனில் சென்னையிலிருந்து அதன் முதல் பயணத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள்.

கம்பெனிதான் புதுசு. ‘எம்ப்ரஸ்’ என்ற அந்தக் கப்பல், பிரான்ஸின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 1990-ல் கடலுக்கு வந்தது. ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் ராயல் கரீபியன் கம்பெனிக்காக ஓடியது. பிறகு ‘எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்’ ஆனது. நடுவில் ஸ்பெயின் கம்பெனி ஒன்றிடம் போய்த் திரும்பி, கொரோனா காலத்தில் விற்கப்பட்டு இங்கே வந்தது. 211 மீட்டர் நீளம், 11 தளங்கள். நடுவில் பல தளங்களுக்கு உயர்ந்து நிற்கும் ஹால், பார்த்தால் வாயைப் பிளக்கவைக்கும்.

பழைய கப்பல் என்றால் பயப்பட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்கும் கம்பெனிகள் பல, பழைய கப்பலை வாங்கிப் புதுப்பித்து ஓட்டுவதுதான் வழக்கம். ஆனால், அதற்கேற்ற எதிர்பார்ப்போடு போக வேண்டும். அந்தக் காலத்து டிசைனில் அறைகள் சின்னவை, பால்கனி வைத்த அறைகள் குறைவு, பாத்ரூமில் திரும்பினால் முழங்கை இடிக்கும். சிங்கிள் அறை என்ற யோசனையே 1990-ல் இந்த மாதிரி கப்பல்களுக்கு வரவில்லை. சின்ன அறை என்பது குடும்பமாகப் போகிறவர்களுக்குத் தொல்லை. தனி ஆளுக்கு அது ஒரு குறையே இல்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும் நாம் ஜெயிக்கிறோம்.

“நீ போட்டுக் கொடு கணக்கை”

என் பெரியம்மாவுக்கு 62 வயது. கும்பகோணம் பக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா இறந்து நான்கு வருஷம் ஆகிறது. போன வருஷம் திடீரென்று போன் செய்து, “கப்பல்ல போகணும்டா, தனியாத்தான் போகணும். எவ்வளவு ஆகும்னு நீ கணக்குப் போட்டுக் கொடு” என்றார். அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. “யாராவது கூட வந்தா அவங்களுக்கு வேணுங்கிறதைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்.”

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு பேர் காசு கொடுத்து ஒரு ஆள் போறதா? அம்மா, நாங்க போகும்போது எங்க ரூம்லயே மூணாவது ஆளா வந்துடுங்க, பாதிக் காசு மிச்சம்” என்றார். கணக்கின்படி அண்ணன் சொன்னது சரிதான். ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பல கப்பல்களில் கட்டணம் கணிசமாகக் குறையும். பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு அமைதியாக இருந்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி எனக்கே போன் செய்தார். “கணக்கு போட்டியா?”

அவருக்காகப் போட்ட கணக்கின் முறையை இங்கே தருகிறேன். எண்கள் வெறும் உதாரணம்தான். கப்பல் கட்டணம் விமானக் கட்டணம் மாதிரி தினமும் மாறும்.

விளம்பரத்தில் ஒருவருக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சப்ளிமென்ட் 75 சதவிகிதம் என்றால், அறைக் கட்டணம் 35,000. துறைமுகக் கட்டணம் 3,500. ஊழியர்களுக்கான டிப்ஸ் ஓர் இரவுக்கு 500 வீதம் மூன்று இரவுக்கு 1,500. ஆக 40,000. இதன் மேல் வரி 5 சதவிகிதம் என்று கொண்டால் 2,000. மொத்தம் 42,000. ‘20,000 மட்டுமே’ என்று ஆரம்பித்த பயணம், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஓர் இரவுக்கு 14,000 ரூபாய். அதில் தங்குமிடம், மூன்று வேளை சாப்பாடு, மேடை நிகழ்ச்சிகள் எல்லாம் அடக்கம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சப்ளிமென்ட் என்பது அறைக் கட்டணத்துக்குத்தான். துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் தலைக் கணக்கு. கப்பலில் ஏறாத ஆளுக்கு அவை வரக் கூடாது. பெரியம்மாவுக்கு ஓர் ஏஜென்ட் அனுப்பிய கொட்டேஷனில், மொத்தத் தொகையை அப்படியே இரண்டால் பெருக்கி வைத்திருந்தார்கள். பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டதும் 5,000 ரூபாய்க்கு மேல் குறைந்தது. இத்தனைக்கும் நாங்கள் பேரம் பேசவே இல்லை, விவரம்தான் கேட்டோம்.

அதனால், முதல் வேலை: கம்பெனி வெப்சைட்டில் பயணிகள் எண்ணிக்கையில் ‘1’ என்று போட்டு, பணம் கட்டும் பக்கம்வரை போய்ப் பாருங்கள். அங்கே வருவதுதான் உண்மையான விலை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பிறகு ஏஜென்ட்களிடம் கேளுங்கள். ஐஆர்சிடிசி-யும் 2021-லிருந்து கார்டீலியா டிக்கெட்டுகளை விற்கிறது. அங்கேயும் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்று இடத்தில் மூன்று விலை வந்தால் ஆச்சர்யப்படாதீர்கள்.

வெளிநாட்டுத் துறைமுகம் போகிற பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று ஒரு வரியைப் பிடித்தால், அந்த ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். உங்கள் பான் எண்ணில் வரவாகும் தொகை அது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். வரியே கட்ட வேண்டாதவர்கள் திரும்ப வாங்கிவிடலாம். பென்ஷன் வாங்கும் பலர் இதைச் செலவுக் கணக்கில் எழுதி மறந்துவிடுகிறார்கள்.

காசைக் குறைக்க என்ன வழி?

சென்னை சீசன் எப்போது என்று தெரிந்துகொள்வது முதல் வழி. தென்மேற்குப் பருவமழை நேரத்தில் அரபிக் கடல் கொந்தளிக்கும். மும்பை, கோவா, லட்சத்தீவுப் பக்கம் சொகுசுக் கப்பல் ஓட்டுவது சிரமம். அந்த மாதங்களில்தான் கப்பல் பெரும்பாலும் நம் பக்கம் வந்திருக்கிறது. அதாவது ஜூன் முதல் செப்டம்பர்வரை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு, வார நாட்களில் கிளம்பும் பயணங்களைப் பாருங்கள். குடும்பங்கள் வராத நாட்களில் அறை காலியாக இருக்கும். அறை காலியாக இருந்தால் சப்ளிமென்ட்டைக் குறைக்கவும் கம்பெனிக்கு மனசு வரும். வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு திரும்பும் பயணத்தில் தனி ஆளுக்குத் தள்ளுபடியை எதிர்பார்ப்பது, தீபாவளிக்கு முதல் நாள் கோயம்பேட்டில் சீட்டு தேடுகிற மாதிரி.

இரண்டாவது, ஜன்னல் இல்லாத உள் அறையை எடுங்கள். சப்ளிமென்ட் என்பது சதவிகிதக் கணக்கு. அறை விலை ஏற ஏற, காலிப் படுக்கையின் விலையும் கூடவே ஏறும். பால்கனி அறையைத் தனியாக எடுப்பது இரண்டு பால்கனிக்குக் காசு கொடுப்பது போலத்தான். கடல் பார்க்க அறை எதற்கு? மேல்தளம் முழுக்கக் கடல்தான். பெரியம்மா அறைக்குத் தூங்கவும் குளிக்கவும் மட்டுமே போனார்.

உள் அறையிலும் எது என்று தேர்ந்தெடுக்க முடிந்தால், கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியைக் கேளுங்கள். ஊஞ்சலில் நுனி ஆடுகிற அளவுக்கு நடு ஆடாது இல்லையா, அதே கதைதான். ‘எந்த அறை கொடுத்தாலும் சரி’ என்று சொன்னால் சில கம்பெனிகளில் கட்டணம் குறையும். தலைசுற்றல் வராதவர்களுக்கு அது நல்ல டீல். வருகிறவர்கள், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது இடத்தை உறுதி செய்வது நல்லது. தலைசுற்றலுக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிவைத்து, கப்பல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பயன் இருக்காது.

மூன்றாவது வழி, ரிஸ்க் இல்லாதது. முதல் முறை போகிறீர்கள், கம்பெனியும் புதுசு என்றால், எடுத்தவுடன் ஐந்து இரவு வேண்டாம். கிளம்பிக் கடலில் சுற்றிவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் இரண்டு இரவுப் பயணங்கள் விற்பனைக்கு வரும். எங்கும் இறங்காது, பாஸ்போர்ட் வேலை இல்லை, ஆதார் மாதிரியான அடையாள அட்டை போதும். பிடித்தால் அடுத்த முறை இலங்கை. பிடிக்காவிட்டால் இரண்டு நாளோடு போயிற்று. பெரியம்மா எடுத்தது இதைத்தான்.

அறையைப் பகிர்ந்துகொள்ள முகம் தெரியாத ஒருவரை ஏஜென்ட் ஜோடி சேர்த்துவிடும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. சப்ளிமென்ட் மிச்சமாகும். இருபது வயதில் ஹாஸ்டல் பழக்கம் இருப்பவர்களுக்குச் சரிப்படலாம். பூட்டிய ஜன்னலில்லா அறையில் அறிமுகமில்லாத ஆளோடு மூன்று இரவு என்பது எனக்கு ஒப்பவில்லை. அதற்கு, கல்லூரித் தோழி ஒருத்தியைத் தேடிப் பிடித்து, அறையை மட்டும் பகிர்ந்துகொண்டு பகலில் அவரவர் வழியில் சுற்றலாம்.

காசு கட்டும் முன் கொஞ்சம் பழைய கதை

புது கப்பல் கம்பெனி என்றால் தள்ளுபடி இருக்கும். கம்பெனி நிலைக்குமா என்ற கேள்வியும் இருக்கும். 2019 ஏப்ரலில் மும்பையில் ‘ஜலேஷ் குரூஸஸ்’ என்ற இந்திய கம்பெனி ‘கர்ணிகா’ என்ற கப்பலோடு அமர்க்களமாகத் தொடங்கியது. கொரோனா வந்தது. 2020 அக்டோபரில் கம்பெனியை மூடிவிட்டார்கள். கப்பல், குஜராத்தின் அலங் உடைப்புத் தளத்துக்குப் போனது. இது சின்ன கம்பெனிகளுக்கு மட்டும் நடப்பதல்ல. சிங்கப்பூர், ஹாங்காங் பக்கம் ‘ட்ரீம் குரூஸஸ்’ கப்பல்களை ஓட்டிய கெண்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ‘கெண்டிங் ட்ரீம்’ அதே வருஷம் ‘ரிசார்ட்ஸ் வேர்ல்டு குரூஸஸ்’ என்ற புதிய பெயரின் கீழ் ஓடத் தொடங்கியது. கப்பல் அதேதான், கம்பெனிதான் வேறு.

இதனால் புது கம்பெனிப் பக்கமே போகக் கூடாது என்றில்லை. பணத்தை எப்படிக் கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ‘அடுத்த வருஷத்துக்கு இப்போதே கட்டினால் 40 சதவிகிதம் தள்ளுபடி’ என்பதைவிட, இரண்டு மாதத்துக்குள் கிளம்பும் பயணத்துக்குக் கட்டுவது பத்திரம். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் வழி உண்டு. ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு ஜிபே-யில் அனுப்பிய பணத்தைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. சென்ட்டிமென்ட்டாகப் பேசினாலும் அனுப்பாதீர்கள்.

பயண ஒப்பந்தத்தையும் ஒரு முறை படியுங்கள். ‘துறைமுகத்தை மாற்றவோ, தவிர்க்கவோ கம்பெனிக்கு உரிமை உண்டு’ என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கம்பெனியிலும் இருக்கும். அது சும்மா அலங்காரத்துக்கு எழுதியதல்ல. 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன கப்பலுக்கு, புதுச்சேரியில் பயணிகளை இறக்க அரசு அனுமதி தரவில்லை. கப்பலில் இருக்கும் காசினோவை எதிர்த்து அங்கே அரசியல் கட்சிகள் குரல் கொடுத்திருந்தன. யாரும் கரையில் கால் வைக்காமலே கப்பல் திரும்பியது. புயல் சின்னம் உருவானாலும் இதே நிலைதான். ஒரே ஓர் ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் கப்பல் டிக்கெட் எடுப்பதாக இருந்தால், யோசித்துச் செய்யுங்கள்.

வீட்டில் பெரியவர்கள், “2021-ல மும்பையில ரெய்டு நடந்துச்சே, அந்தக் கப்பலா?” என்று கேட்பார்கள். ஆமாம், அதே கப்பல்தான். கப்பலில் ஏறவிருந்த சிலரிடம் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு நடத்திய சோதனை அது. பேக் ஸ்கேன், அடையாளச் சோதனை என்று விமான நிலையம் மாதிரியேதான் ஏற்றுவார்கள் என்று சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஆனார்கள்.

உள்ளே போன பிறகு கரையும் காசு

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. ஏறும்போது ஓர் அட்டை தருவார்கள். அறைச் சாவியும் அதுதான், கடனட்டையும் அதுதான். நீட்டினால் எல்லாம் கிடைக்கும் என்பதால், செலவு செய்வதே தெரியாது. ரிசப்ஷனில் உங்கள் கணக்கின் விவரத்தைத் தினமும் இரவு ஒரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசி நாள் காலையில் பெரிய வரிசை நிற்கும். தப்பு இருந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது.

பொது உணவகங்களில் மூன்று வேளையும் டிக்கெட்டில் அடக்கம். பெயர் வைத்த ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், பாட்டில் குளிர்பானம், பெரும்பாலான கப்பல்களில் வைஃபை, ஸ்பா, இதெல்லாம் தனி பில். ‘அன்லிமிடெட் ட்ரிங்க்ஸ்’ பேக்கேஜ் தனி ஆளுக்கு அநேகமாகத் தேவைப்படாது. ஒரு நாளைக்கு எத்தனை ஜூஸ் குடித்தால் அந்தக் காசு தேறும் என்று பெருக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிப்ஸ் விஷயத்தில், முன்பே கட்டியாயிற்றா, கடைசியில் பில்லில் வருமா என்று புக்கிங் செய்யும்போதே கேளுங்கள். பெரிய அமெரிக்க கம்பெனிகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர்வரை தானாகவே பில்லில் ஏறும்.

போன்! இதைத்தான் பலரும் மறப்பார்கள். கரையை விட்டு விலகியதும் சிக்னல் போய், கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கை உங்கள் போன் தானாகப் பிடிக்கப் பார்க்கும். அது உங்கள் ரோமிங் பேக்கில் பெரும்பாலும் சேராது. கட்டணம் தலைசுற்ற வைக்கும். கப்பல் கிளம்பியதும் ஏரோபிளேன் மோட் போட்டுவிடுங்கள். வீட்டில் முன்கூட்டியே, ‘நாளை மறுநாள் காலைவரை வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்’ என்று சொல்லிவிட வேண்டும். தனியாகப் போகிறவர்களின் வீட்டுக்கு அந்த ஒற்றை டிக் எவ்வளவு பெரிய விஷயம் என்று அண்ணனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனியின் அவசர உதவி எண்ணை வீட்டில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போவது நல்லது.

எலக்ட்ரிக் கெட்டில், அயர்ன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோகாதீர்கள். தீ விபத்து பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் இவற்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிளக் பாயின்ட் வேறு மாதிரி இருக்கலாம் என்பதால் யுனிவர்சல் அடாப்டர் ஒன்று போதும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாகவும், மருந்துச் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். டாக்டர் கப்பலில் இருப்பார், ஆனால் இலவசம் கிடையாது. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் பயணக் காப்பீடு எடுக்காமல் ஏறவே வேண்டாம். பட்ஜெட்டில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

தனியாக என்றால் யாரோடு சாப்பிடுவது?

பெரியம்மாவுக்கு இருந்த ஒரே தயக்கம் இதுதான். தட்டோடு நின்று, எந்த மேஜையில் உட்காருவது என்று தேடுவது கல்யாண வீட்டிலேயே அவருக்குப் பிடிக்காது. முதல் நாளே உணவகப் பொறுப்பாளரிடம், “நான் தனியாக வந்திருக்கிறேன், மற்றவர்களோடு உட்காரும் மேஜை கொடுங்கள்” என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றோடு இடம் கிடைத்தது. இரண்டாவது நாள், அந்த வீட்டுப் பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற அளவுக்கு நட்பாகிவிட்டது என்று கேள்வி.

பாதுகாப்பு விஷயத்தில், ஹோட்டலில் எடுக்கும் அதே கவனம் போதும். அறை எண்ணை லிஃப்ட்டிலோ ரிசப்ஷனிலோ சத்தமாகச் சொல்லாதீர்கள். கதவைத் தட்டினால் யார் என்று கேட்டுத் திறங்கள். இரவில் காற்று வாங்கப் போனால், ஆள் நடமாட்டமுள்ள தளத்தில் நில்லுங்கள். சந்தேகமாக இருந்தால் அறை போனில் ரிசப்ஷனை அழையுங்கள். 24 மணி நேரமும் ஆள் இருப்பார்.

கிளம்பும் முன் லைஃப் ஜாக்கெட் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். குளிக்கிறேன், தூங்குகிறேன் என்று தவிர்க்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தே ஆக வேண்டும் என்று சர்வதேச விதி வந்தது இதற்குப் பிறகுதான். குடும்பமாகப் போனால் கையைப் பிடித்து இழுத்துப்போக ஓர் ஆள் இருக்கும். தனியாகப் போகிறவர், அறையிலிருந்து தன் படகு நிற்கும் இடம்வரை ஒரு முறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

இலங்கையில் இறங்கினால்...

இலங்கைப் பயணம் எடுப்பவர்கள், இறங்கும் ஊர்களில் கப்பல் கம்பெனியின் டூரையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காங்கேசன்துறையிலிருந்து கீரிமலை கூப்பிடு தூரம். நல்லூர் கோயிலும் யாழ்ப்பாண நகரமும் 20 கிலோமீட்டருக்குள். ஆட்டோவில் போய் வரலாம், தமிழில் பேசியே எல்லாம் நடக்கும். திருகோணமலையில் கோணேஸ்வரம் கோயில் ஊருக்குள்ளேயே, கோட்டை வழியாக ஏறிப் போனால் பாறை உச்சியில் இருக்கிறது. இந்த இரண்டு ஊரிலும் சொந்தமாகச் சுற்றினால் நல்ல தொகை மிச்சமாகும். அம்பாந்தோட்டை அப்படியல்ல. கதிர்காமம் போய்வர, போக மட்டுமே ஒரு மணி நேரப் பயணம். கப்பல் டூரில் போனவர்கள் திரும்பத் தாமதமானால் கப்பல் அவர்களுக்காகக் காத்திருக்கும். சொந்தமாகப் போனவருக்காகக் காத்திருக்காது. தூரமான ஊருக்குக் கம்பெனி டூர், பக்கத்து ஊருக்கு ஆட்டோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். எப்படிப் போனாலும், கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்துவிடுவது நல்லது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் காலாவதி பாக்கி இருக்கட்டும். விசா விதிகளைப் புக்கிங்குக்கு முன்பும், கிளம்பும் வாரத்திலும் இரண்டு முறை பாருங்கள்.

இத்தனையும் கூட்டிப் பார்த்து, ‘இவ்வளவா?’ என்று தோன்றுபவர்களுக்கு நாகப்பட்டினம் இருக்கிறது. அங்கிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது. சில நாளிலேயே நின்றுபோய், 2024 ஆகஸ்ட்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் சேவை நிற்கும் என்பதால், தேதியைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். நீச்சல் குளம் கிடையாது, மேடை நிகழ்ச்சி கிடையாது. ஆனால், இங்கே டிக்கெட் சீட்டுக் கணக்கில்தான். தனியாகப் போனால் ஒரு சீட்டுக்கு மட்டும் காசு. பெரியம்மா இப்போது அதன் தேதியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.